நிறம் மங்கினால் முதலில் எதைப் பார்ப்பது?

சிக்லிட் என்ற பெயர் புதிதாக இருக்கலாம், மீன் நமக்குப் பழசுதான். சென்னைப் புறநகர் ஏரிகளில் வலைபோடுகிறவர்கள் அள்ளிவரும் ஜிலேபி, ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிக்லிட். கேரளத்தார் கொண்டாடும் கரிமீன் நம் மண்ணுக்கே உரிய சிக்லிட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டைக் கடைகளில் மஞ்சளும் நீலமுமாக நீந்துபவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த உறவினர்கள்.

இவற்றை வாங்கிவந்த சில மாதங்களில் நிறம் வெளிறத் தொடங்கினால், நாம் உடனே கடைக்குப் போய் ‘கலர் தீனி’ கேட்கிறோம். ஒரு வேளைத் தீனி இரண்டாகி, மூன்றாகிறது. நிறம் தீனி டப்பாவில் இருக்கிறது என்பதுதான் கிட்டத்தட்ட எல்லாருடைய நம்பிக்கையும். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறது.

அந்த உண்மையை முதலில் பார்ப்போம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றுக்குப் பெரிதும் காரணம் கரோட்டினாய்டு என்ற நிறப்பொருள்கள். மீனால் இவற்றைத் தானே தயாரிக்க முடியாது. பாசியிலிருந்தோ இறாலிலிருந்தோ தின்றுதான் பெறவேண்டும். ஸ்பைருலினாவும் இறால் தூளும் சேர்ந்த தீனி இங்கே உதவும். நீலத்தின் கதை வேறு. அது நிறப்பொருளே அல்ல. தோல் செல்களில் அடுக்கடுக்காக இருக்கும் நுண்படிகங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிவது. கறுப்பை உடலே தயாரித்துக்கொள்கிறது. அந்தக் கறுப்புத் துகள்கள் செல்லுக்குள் பரவினால் மீன் இருளும், நடுவில் குவிந்தால் வெளிறும். பயந்தாலோ, அடிபட்டாலோ, தண்ணீர் கெட்டாலோ நரம்பும் ஹார்மோனும் அவற்றை நகர்த்திவிடும். எந்தத் தீனியும் இதைத் தடுக்காது.

இனி, கூடுதலாகப் போட்ட தீனி எங்கே போகிறது என்று பின்தொடர்வோம். தின்ற புரதத்தின் கழிவை மீன் அம்மோனியாவாக, பெரும்பகுதி செவுள் வழியே, வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் தங்கியதும் அழுகி அம்மோனியாவாகிறது. அம்மோனியாவுக்கு நிறமில்லை, கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கும். செவுள் எரிகிறது, மீன் வெளிறுகிறது, நாம் இன்னும் தீனி போடுகிறோம்.

இந்த அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியிருக்கின்றன. ஒரு வகை அதை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. புதுத் தொட்டியில் இவை பெருக நாலைந்து வாரம் பிடிக்கும். பஞ்சு இங்கே உறைமோர்க் கிண்ணம். அதை ஒட்டாமல் துடைத்துக் கழுவிவிட்டால் மறுநாள் பால் எதைக் கொண்டு உறையும்? ஞாயிற்றுக்கிழமை தோறும் முழுத் தண்ணீரையும் கொட்டி, பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் பிழிகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசலாம். புதுத் தண்ணீர் லாரியோ மெட்ரோவோ, ஒரு நாள் திறந்துவைத்துக் குளோரின் போனபின் ஊற்றலாம். குளோரமின் கலந்திருந்தால் மட்டும் அது தானாகப் போகாது, கடையில் கிடைக்கும் மருந்து வேண்டும்.

வாளியில் வெள்ளைப் படிவு விடும் போர் தண்ணீரைத் தென்சென்னைக்காரர்கள் திட்டாத நாளில்லை. மலாவி மீனுக்கு அதுதான் ஊர்த் தண்ணீர். அந்த ஏரி நீரும் கால்சியம், மக்னீசியம் கலந்த, ஓரளவு கடினமான நீர்; அதன் பிஎச் அளவு சுமார் 7.8 முதல் 8.6 வரை. ஆர்ஓ தண்ணீர் அமேசானிலிருந்து வந்த டிஸ்கஸுக்குத்தான் தேவைப்படும். கடற்கரையோரக் கிணறுகளில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே ஏறியிருப்பது கடலுப்பாக இருக்கலாம். டிடிஎஸ் மீட்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

மலாவி மீனுக்கு ஏற்ற இந்தப் போர் தண்ணீரில் ஒரு கண்டிப்பும் உண்டு. அம்மோனியா எல்லா நிலையிலும் ஒரே அளவு விஷமல்ல. 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவே விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8.5 ஆனால் அது 18 சதவீதத்தை நெருங்கும். ஆக, மென்னீர்த் தொட்டி தாங்கிக்கொள்ளும் கூடுதல் தீனியைப் போர் தண்ணீர்த் தொட்டி தாங்காது. மே மாதத்தில் வெப்பம் அந்த விகிதத்தை இன்னும் ஏற்றும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறையும். அப்போது ஏர் பம்பைக் கூட்டி, தீனியைக் குறைக்க வேண்டும்.

மலாவியின் பாறை மீன்கள் பல, கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டியே பிழைப்பவை, குடல் நீளம். ரத்தப்புழுவும் மாட்டு ஈரலும் அஜீரணத்துக்கும் வயிற்று வீக்கத்துக்கும் இடம் கொடுக்கும். தாவரத் தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒன்றிரண்டு வேளை போதும். வீடு பெரிதாக இருக்கட்டும்: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் 57 லிட்டர்கூடப் பிடிக்காது. நாலடித் தொட்டியில் கற்களை அடுக்கினால், ஒன்றின் கண்ணில் மற்றது படாமல் ஒதுங்கலாம். ஆதிக்கம் செலுத்தும் ஆண் பளபளக்கும், அடங்கிப்போனது மங்கியே இருக்கும். ஒரே ஒரு மீன் மட்டும் வெளிறினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எல்லா மீனும் சேர்ந்து வெளிறினால் தண்ணீர்தான். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் தாங்கும். கால் பங்கு தண்ணீர் மாற்றி, அம்மோனியா சோதனைக் கிட்டில் பாருங்கள். அளவு பூஜ்யம்தான், கற்களும் இடமும் சரிதான் என்று உறுதியான பிறகும் மஞ்சள் மட்டும் மங்கலாகவே இருந்தால், அப்போது கலர் தீனி வாங்கப் போகலாம்.