வெயிலில் காயும் கடல் நீர்



திண்மம், திரவம், வாயு என்று சடப்பொருளின் மூன்று நிலைகளையும் நம் பிள்ளைகள் தடையின்றி ஒப்புவிப்பார்கள். "கொடியிற் போட்ட ஈரத்துணி கொதிக்காமலேயே காய்கின்றதே, அந்த நீர் எங்கே போனது?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். மனனம் செய்வது நன்று. ஆனால் விளங்காமல் மனனம் செய்தது பரீட்சை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடும். இதனை விளக்குவது ஆசிரியருக்கு மட்டுமே உரிய வேலை என்று நாம் ஒதுங்கியிருப்பது சரியன்று.

முசலிப் பிரதேசத்தின் தென்கோடியில் முள்ளிக்குளம் தொடக்கம் வடக்கே மன்னார்த் தீவு வரை நமக்குக் கடலும் வெயிலும் குறைவில்லை. 1990 ஒக்டோபரில் இக்கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்தவர்கள் பாலாவிப் பக்கத்து உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். அதுவே சிறந்த பாடசாலை.

ஒரு லீற்றர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. பாத்தியிற் கட்டிய நீரின்மேல் வெயில் படும்போது துணிக்கைகளின் அசைவு மிகுகின்றது. மேற்பரப்பில் விரைவாக அசைபவை தப்பி ஆவியாகின்றன. இதற்கு 100 பாகை செல்சியஸ் வெப்பம் தேவையில்லை. சோளகக் காற்று அந்த ஆவியை அள்ளிச் செல்வதனால் வேலை துரிதமாகின்றது. முதலில் சுண்ணாம்புத் தன்மையான பொருளும், பின்னர் ஜிப்சமும் படிகின்றன. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர் போன பின்னரே கறியுப்பு பளிங்காகத் திரள்கின்றது. எஞ்சும் கசப்பு நீரை வடித்து விடுவார்கள். வடிக்காவிட்டால் உப்புக் கசக்கும், ஈரமும் இழுக்கும்.

பிள்ளையிடம் ஒரு பீங்கான் தட்டிற் கடல் நீரை ஊற்றி முற்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். சில நாட்களில் தட்டில் வெண்மை படியும். அப்போது பிள்ளை, "நீர் உப்பாக மாறிவிட்டது" என்று சொல்லக்கூடும். இங்கேதான் நீங்கள் பொறுமையாக நிற்க வேண்டும். பனிக்கட்டி உறைந்த நீர். சூடாக்கினால் மீண்டும் நீராகும். உப்பு அவ்வாறன்று. அது நீரிற் கரைந்திருந்த வேறொரு பொருள். அதனை உருக்க 801 பாகை செல்சியஸ் வேண்டும். நமது அடுப்பில் அது நடவாது. நீர் போய்விட்டது, உப்புத் தங்கிவிட்டது, அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் கடல் நீரைக் கொதிக்க வைத்து, மூடியிற் படியும் துளியை ஆறிய பின் சுவைக்கக் கொடுங்கள். அதில் உப்பு இராது. இதனைப் பெரியவர்களே செய்ய வேண்டும். நீராவி கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடும்; தோலில் பட்டு நீராகும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 540 கலோரி வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடும்.

மீன் வாடியில் தொழில் செய்யும் தந்தையருக்கு இன்னும் இலகு. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் வரை அந்த உருகுநீர் சுழியப் பாகையை ஒட்டியே நிற்கும். ஒரு கிராம் ஐஸை உருக்க மட்டும் ஏறத்தாழ 80 கலோரி செலவாகும். அதே வெப்பம் ஒரு கிராம் குளிர்நீரை 80 பாகை வரை சூடாக்கிவிடும். மீன் கெடாதிருப்பது இந்த மறைவெப்பத்தினால்தான்.

நமது ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களும் இவ்விடத்தைத் தொடுகின்றன. கடல் நீரிலிருந்து விளைந்த உப்பினால் நீர் மாற்றமடைந்தாலும் அதனால் வுழூச் செய்யலாம் என்றும், வெளியிலிருந்து இட்ட மலையுப்பினால் பெரிதும் மாறிய நீரால் கூடாது என்றும் சட்ட அறிஞர்கள் பிரித்துரைத்தனர். உப்பின் பிறப்பிடத்தை அவர்கள் கவனித்தார்கள். தூய நீரின் ஆவி குளிர்ந்து மூடியிற் சேரும் நீரும் தூய்மையாக்கும் நீரே என்பது மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்து. அரபுக் கல்லூரியில் ஓதும் மகனும் பாடசாலையிற் படிக்கும் மகளும் உங்கள் வீட்டில் இருந்தால், இருவரையும் அந்தத் தட்டின் அருகே உட்கார வையுங்கள்.