பழைய பைத்தானுக்கு எத்தனை நாள் ஆதரவு?

2008 டிசம்பரில் பைத்தான் நிரல்மொழியின் 3-ஆம் பதிப்பு வெளிவந்தபோது, பைத்தான் 2-இல் எழுதப்பட்ட நிரல்கள் பல அதில் ஓடவில்லை. 3-ஐ 2-ஆல் வகுத்தால் பழையதில் விடை 1, புதியதில் 1.5. திரையில் ஒரு வரி காட்டும் ‘பிரிண்ட்’ கட்டளைக்குக்கூட அடைப்புக்குறி கட்டாயமானது. பைத்தான் 2-ஐ 2015-இல் நிறுத்துவதாக இருந்தார்கள். பலர் மாறாததால், கெடு 2020 ஜனவரி 1 வரை நீண்டது.

இரண்டையும் ஆதரிக்க வேண்டியிருந்த அந்தப் பதினோரு ஆண்டுச் சுமை பெரிதும் விழுந்தது லைப்ரரிகளைப் பராமரிப்பவர்கள் தலையில். லைப்ரரி என்பது பிறர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள எழுதிவைத்த நிரல் தொகுப்பு. எண் கணக்குகளுக்கு நம்பை. அதை நம்பி சைபை, பாண்டாஸ். இவற்றைப் பராமரிப்பவர்கள் நான்கு பைத்தான் பதிப்புகளையும் நான்கு நம்பை பதிப்புகளையும் ஆதரிப்பதென்றால் பதினாறு சேர்க்கைகளைச் சோதிக்க வேண்டும். இதில் தன்னார்வலர்களின் உழைப்பே அதிகம்.

எத்தனை காலம்தான் சுமப்பது?

நம்பை திட்டத்தில் 2019-இல் எழுதப்பட்ட ‘நெப் 29’ என்ற ஆவணம் இதற்கு வரம்பு கட்டியது. கடந்த 42 மாதங்களில் வெளியான பைத்தான் பதிப்புகளுக்கும், 24 மாதங்களில் வெளியான நம்பை பதிப்புகளுக்கும் ஆதரவு தந்தால் போதும் என்றது அது. அதைவிடப் பழையதைப் புதிய வெளியீட்டில் கைவிடலாம் என்றும் சொன்னது.

கைவிட்டால் பழைய கணினி நின்றுவிடாது. நிறுவும் கருவியான ‘பிப்’, அந்தப் பைத்தானுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தேடி எடுத்துத் தரும். புதிய வசதிகளும் பிழைத்திருத்தங்களும்தான் வராது.

2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோதும் இதே போன்ற சிக்கல் எழுந்தது. 2006-இல் 1.0 வெளியான பிறகு வந்த முதல் பெரும் பதிப்பு அது. நம்பை 1-ஐ வைத்துத் தொகுக்கப்பட்ட லைப்ரரிகள் பல அதனுடன் சேர்ந்து ஓட மறுத்தன. நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளைக் குறிக்கும் தேவைப் பட்டியலில் ‘நம்பை’ என்று மட்டும் எழுதியிருந்தவர்களுக்குப் புதிய பதிப்பு தானாக வந்து இறங்கியது. ‘நம்பை<2’ (2-க்குக் கீழான பதிப்பு மட்டும்) என்று எழுதியிருந்தவர்களின் வேலை தடைபடவில்லை. ஆனால் அந்த வரம்பும் தற்காலிக ஏற்பாடுதான். சார்ந்திருக்கும் லைப்ரரிகள் 2.0-க்கு மாறியதும் அதை நீக்கிவிட வேண்டும்.

லைப்ரரியை நம்பித் தொழில் செய்பவர்கள், அதன் ஆதரவுக் கெடுவைத் தெரிந்துகொண்டு, பட்டியலில் பதிப்பு எண்ணைக் குறித்து, கெடு முடியுமுன் மாறத் திட்டமிட வேண்டும்.