பாலை மணலும் ஆயில் கூலரும்



காவிரியின் கடைமடையில், கல்லணைக் கால்வாய்த் தண்ணீரை எதிர்பார்த்து வாழும் பேராவூரணி வட்டாரத்து மக்களாகிய நமக்குப் பாலைவனம் அந்நியமான ஒன்றன்று. நம் வீடுகள் பலவற்றில் ஒருவரேனும் சபராளியாக இருக்கிறார். அவர்களுள் வண்டி ஓட்டிப் பிழைப்போரும் உண்டு. விடுமுறை நாளில் நண்பர்களோடு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் மணல்மேடு ஏறுவோரும் உண்டு. என் பழைய மாணவர் ஒருவர் அங்கிருந்து தொலைபேசியில், "ஹஜ்ரத், வண்டிக்குத் தனியாக ஆயில் கூலர் பொருத்தச் சொல்கிறார்கள். அது தேவைதானா?" என்று வினவினார். கலைக் கல்லூரியில் படித்த எனக்கு எந்திர நூல்கள் புதியவை. எனினும் படித்தும், பட்டறை நடத்துவோரிடம் கேட்டும் அறிந்தவற்றை, எல்லா வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆயிலின் பணி என்ன?

என்ஜின் ஆயிலுக்கு முக்கியமாக இரண்டு பணிகள் உள்ளன. உராயும் இரும்புகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது முதற்பணி. பிஸ்டனின் அடிப்புறம், கிராங்க் ஷாப்டின் பேரிங்குகள், டர்போவின் சுழல் தண்டு ஆகியவற்றின் சூட்டை வாங்கிக் கொண்டு போவது இரண்டாம் பணி. ரேடியேட்டர் தண்ணீர் நேரடியாகச் சென்று தொட முடியாத இடங்களுக்கும் ஆயில் சென்று வருகிறது.

பொதுவாக 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை ஆயிலுக்கு ஏற்ற வெப்பம். 120 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்றால் சாதாரண ஆயில் விரைவாகக் கெடத் தொடங்கும். சிந்தெடிக் ஆயில் இன்னும் சற்றுத் தாங்கும். சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப்போகும். படலம் மெலிந்து இரும்போடு இரும்பு உரசினால் பேரிங் தேயும்; முடிவில் என்ஜின் சீஸ் ஆகிவிடும்.

மணலில் மட்டும் ஏன் இத்தனை சூடு?

வெளிக்காற்றின் வெப்பம் ஒரு காரணம். குவைத்தின் மித்ரிபா என்னுமிடத்தில் 2016ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவாயிற்று. உலக வானிலை அமைப்பும் ஆய்ந்து அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வண்டி ஓடும் முறையிலேயே இருக்கிறது. மணலில் வண்டி மெதுவாக நகர்கிறது. என்ஜினோ வேகமாகச் சுழல்கிறது. உழைப்பு மிகுதி, முன்னிருந்து வீசும் காற்றோ குறைவு.

இதனை விளங்கிக்கொள்ள நாம் அரபு நாடு போக வேண்டியதில்லை. நம் வயலில் கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும் டிராக்டரைப் பாருங்கள். அதே மெதுவான நடை, அதே முழுப் பாரம். அறுவடை எந்திரத்தின் ஓட்டுநர் இடையிடையே நிறுத்தி, ரேடியேட்டர் வலையில் அப்பிய வைக்கோல் தூசியைத் தட்டுவதையும் கண்டிருப்பீர்கள். காற்றுப் புகும் வழி அடைபட்டால் எந்த எந்திரமும் கொதிக்கும்.

ஒட்டகத்தைப் படைத்த இறைவன், அதன் உடல் வெப்பம் இரவில் 34 டிகிரி அளவுக்கு இறங்கவும், பகலில் 40 டிகிரிக்கு மேல் ஏறவும் இடம் வைத்திருக்கிறான். தண்ணீர் கிடைக்காத நாளில் வியர்வையைச் சேமிக்க அதுவே அதற்குத் துணை. மனிதன் செய்த என்ஜினுக்கு அத்தகைய தாராளம் கிடையாது.

கூலர் எப்படி வேலை செய்கிறது?

ஆயில் கூலர் என்பது ஆயிலுக்கென்று அமைந்த சிறு ரேடியேட்டர். இது இரு வகைப்படும். ஆயிலின் சூட்டை ரேடியேட்டர் தண்ணீருக்கு மாற்றுவது ஒருவகை. டீசல் வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே இது பொருத்தப்பட்டு வருகிறது. காற்றால் குளிர்விப்பது மற்றொரு வகை. பல்சர் 220, 411 சிசி ஹிமாலயன் ஆகிய மோட்டார் சைக்கிள்களில் முன்புறம் தெரியும் சிறு வலைப்பெட்டி இதுதான். கடையில் வாங்கிப் பொருத்துவதும் பெரும்பாலும் இவ்வகையே.

ஆயில் பில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு தட்டு வைத்து, அதிலிருந்து இரு ஹோஸ்கள் வழியே ஆயிலைக் கூலருக்கு அனுப்பித் திரும்பப் பெறுவார்கள். அந்தத் தட்டு தெர்மோஸ்டாட் உள்ளதாக இருப்பது அவசியம். ஏறக்குறைய 80 அல்லது 90 டிகிரி வந்த பின்னரே அது முழு வழியைத் திறக்கும். அது இல்லையேல் குளிர்காலத்திலும் குறுந்தூர ஓட்டத்திலும் ஆயில் சூடேறாமல், அதில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். மிகுந்த குளிர்ச்சியும் என்ஜினுக்குக் கேடே.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் ஆயில் வெப்பமானி ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். கடுமையான நாளிலும் முள் 110 டிகிரியைத் தாண்டவில்லையென்றால் கூலர் வீண் செலவு. தாண்டினால், முதலில் செலவில்லாத வழிகளைக் கையாளுங்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். விசிறியும் ஆயில் அளவும் சரிதானா என்று நோக்குங்கள். மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைக் குறைத்தால் என்ஜினின் பாரம் வெகுவாகக் குறையும். சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்ப மறக்கலாகாது. இவற்றுக்குப் பின்னரும் சூடு தணியாவிட்டால் கூலரை நாடலாம்.

வண்டி முதலாளியுடையதாயின் அது நம்மிடம் உள்ள அமானிதம். அவருடைய எழுத்துமூல அனுமதியின்றி ஒரு திருகாணியையும் மாற்றலாகாது. உத்தரவாதம் உள்ள புது வண்டியாயின் விற்றவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

கூலரைக் காற்றுப் படும் முன்புறத்தில், உறுதியான இரும்புத் தாங்கியில் பொருத்த வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் கட்டுகளைச் செருகித் தொங்கவிடுவது தவறு. தண்ணீர் ஹோஸ் உதவாது. சூடான ஆயிலுக்கும் அதன் அழுத்தத்திற்கும் என்று செய்யப்பட்ட ஹோஸே வேண்டும். என்ஜின் அசையும் பொருளாகையால் ஹோஸில் சற்றுத் தளர்வு விடவேண்டும். புகைக்குழாயை விட்டு விலக்கி, சேஸிஸ் விளிம்பில் உரசும் இடங்களில் ரப்பர் உறையிட வேண்டும்.

பொருத்தியதும் ஆயில் ஊற்றி என்ஜினை ஓடவிட்டு, அழுத்த விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். கூலரும் ஹோஸும் ஆயிலைக் குடிப்பதால், நன்றாகச் சூடேறிய பின் நிறுத்திச் சற்றுநேரம் கழித்து அளவுகோலைப் பார்த்துக் குறைவை நிரப்புங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் இணைப்புகளை மீண்டும் சோதியுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூலர் பொருத்துவதால், முன்பு இல்லாத கசிவிடங்கள் பல உண்டாகின்றன. ஒரு ஹோஸ் கழன்றால் சிறிது நேரத்திலேயே ஆயில் முழுதும் மணலில் கொட்டிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தவுடன் என்ஜினை நிறுத்தாவிட்டால் அதோடு முடிந்தது. ஏறக்குறைய 6,50,000 சதுர கிலோமீட்டர் பரந்த ரூபுல் காலீ போன்ற வெட்டவெளியில் வண்டி நின்றுவிட்டால், ஆபத்து என்ஜினுக்கு மட்டுமன்று, அதில் உள்ளோரின் உயிருக்கும்தான். ஆகவே ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள். தேவைக்கு மேல் தண்ணீரும், உபரி ஆயிலும், ஹோஸ் கிளிப்புகளும் எடுத்துச் செல்லுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடமேனும் சொல்லிச் செல்லுங்கள்.

ஊரில் உள்ளோர்க்கு

நம் சாலைகளில் ஓடும் ஜீப்புக்கும் காருக்கும் தனிக் கூலர் பெரும்பாலும் தேவைப்படாது. நம் கவனத்திற்குரியவை வேறு இரண்டு. தொழிற்சாலையில் வந்த தண்ணீர்வகைக் கூலர் உள்ளே ஓட்டையானால் ஆயிலும் தண்ணீரும் கலக்கும். ரேடியேட்டர் தொட்டியில் எண்ணெய்ப் படலமோ, ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற கலங்கலோ கண்டால் உடனே பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். அடுத்து, பேரிங் போய் என்ஜினைப் பிரித்துச் சீர்செய்தால் பழைய கூலரை மீண்டும் மாட்ட அனுமதியாதீர்கள். அதன் குழாய்களுக்குள் தங்கிய உலோகத் துகள், புதிதாகப் போட்ட பேரிங்கையும் தின்றுவிடும்.

அயல்நாட்டில் உள்ள மகனோ மச்சானோ மணலுக்குப் போகப் போவதாகச் சொன்னால், இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி வையுங்கள். அவர் பொருள் வாங்கும் முன் வெப்பமானியைப் பார்க்கட்டும். புறப்படும் முன் ஹோஸைத் தொட்டுப் பார்க்கட்டும்.