எல்இடி ஸ்ட்ரிப்: கோடுக்கு முன்னாடி கரண்ட் கணக்கு

இந்த வாரம் நேரா ஒரு நேயர் கேள்விக்குப் போயிடலாம். கல்வராயன் மலையில இருக்கிற கரியாலூர்லேர்ந்து ஒரு காலேஜ் மாணவர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார்.

"அண்ணா, ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் முகப்புல எல்இடி ஸ்ட்ரிப் கட்டப் போறேன். இஎஸ்பி32 போர்டு, 5 மீட்டர் ஸ்ட்ரிப், போன் சார்ஜர். வெள்ளை போட்டா ஆரம்பத்துல வெள்ளையா எரியுது, கடைசியில செம்மஞ்சளா மங்குது. சில நேரம் போர்டே ரீஸ்டார்ட் ஆகுது. கோடுல என்ன தப்பு?"

கோடுல தப்பு இல்ல தம்பி. சிக்கல் கரண்ட்ல இருக்கு. மலையில ஒரு பார்ட் கருகினா, மாத்துறதுக்குக் கள்ளக்குறிச்சி வரைக்கும் இறங்கணும். அங்கேயும் கிடைக்கலைன்னா சென்னை ரிச்சி தெருவுலேர்ந்து கூரியர் வரணும். அதோட, திருவிழாப் பந்தல்னா கீழே குழந்தைங்க நிப்பாங்க. அதனால முதல் தடவையே சரியா கட்டணும்.

பந்தியில இலைக்கட்டு மாதிரி

உங்க கையில இருக்கிறது பெரும்பாலும் டபிள்யூஎஸ்2812பி வகை ஸ்ட்ரிப்பா இருக்கும். இதுல ஒவ்வொரு எல்இடிக்குள்ளேயும் ஒரு குட்டி சிப் உண்டு. பந்தியில இலைக்கட்டைக் கடத்துவாங்களே, அதே முறைதான். முதல் ஆள் மேல இருக்கிற இலையை எடுத்துக்கிட்டு மீதியை அடுத்தவருக்குத் தள்ளுவார். இங்க இலைக்குப் பதிலா 24 பிட் தகவல்: பச்சை, சிவப்பு, நீலம், ஒவ்வொண்ணுக்கும் 8 பிட்.

ஒரு எல்இடிக்கு 30 மைக்ரோசெகண்ட் ஆகும். 300 எல்இடிக்கு 9 மில்லிசெகண்ட். கண்ணுக்கு எல்லாம் ஒரே நேரத்துல மாறுற மாதிரி தெரியும். நடுவுல ஒரு சிப் செத்துட்டா, அதுக்கு அப்புறம் இருக்கிற யாருக்கும் இலை போகாது. அந்த ஒண்ணை வெட்டி எடுத்துட்டு சால்டர் பண்ணிச் சேர்த்தா வரிசை திரும்ப ஓடும்.

90 வாட்டும் 10 வாட்டும்

ஒரு எல்இடி முழு வெள்ளையில எரிஞ்சா அதிகபட்சம் 60 மில்லிஆம்பியர்னு வச்சுக்குவோம். மீட்டருக்கு 60 எல்இடின்னா 5 மீட்டர்ல 300. பெருக்கினா 18 ஆம்பியர். 5 வோல்ட்டோட பெருக்கினா 90 வாட். சாதாரண போன் சார்ஜர் 5 வோல்ட்ல 2 ஆம்பியர் தரும், அதாவது 10 வாட். சுமை ஏறினதும் சார்ஜரோட வோல்டேஜ் விழுது, போர்டு ரீஸ்டார்ட் ஆகுது.

அப்போ கடைசியில ஏன் செம்மஞ்சள்? ஸ்ட்ரிப்புல இருக்கிற செம்புத் தகடு ரொம்ப மெல்லிசு. கரண்ட் தூரம் போகப் போக வோல்டேஜ் குறையும். நீலத்துக்கும் பச்சைக்கும் சுமார் 3 வோல்ட் வேணும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். வோல்டேஜ் குறைஞ்சா முதல்ல நீலம் மங்கும், அப்புறம் பச்சை, சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கும். கலர் மாறுதுன்னா பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம்.

எப்படிக் கட்டணும்?

5 வோல்ட் 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு வாங்குங்க. ஆனா அதை முழுசா பிழிய வேண்டாம். டபிள்யூ-லெட் மென்பொருள் போட்டா, பிரைட்னஸ் லிமிட்டர்ல 12,000 மில்லிஆம்பியர்னு வைங்க. ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரியிலயும் இந்த வசதி உண்டு. இது கணக்கு போட்டுக் கட்டுப்படுத்துறதுதான், அளந்து பார்க்கிறது இல்ல. அதனால ஃபியூஸ் கட்டாயம்.

எஸ்எம்பிஎஸ்லேர்ந்து ஸ்ட்ரிப்போட ரெண்டு முனைக்கும் தனித்தனி 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுங்க. ஒவ்வொரு பாசிட்டிவ் ஒயர்லயும் கார்ல போடுற 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு. 5 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனா 18 ஆம்பியர் மெல்லிசு ஒயரை உருக்கிடும். ஓலைக்கும் துணிக்கும் பக்கத்துல அந்த ஒயர் போகுதுன்னு மறக்காதீங்க.

ஸ்ட்ரிப்போட பவரை போர்டு வழியா எடுக்காதீங்க. போர்டுக்குத் தனி ஒயர். ஆனா போர்டு, ஸ்ட்ரிப், எஸ்எம்பிஎஸ் மூணுக்கும் கிரவுண்ட் ஒண்ணா சேர்ந்திருக்கணும். இல்லன்னா விளக்கு பேய் பிடிச்ச மாதிரி கண்டபடி சிமிட்டும்.

இஎஸ்பி32 தர்ற சிக்னல் 3.3 வோல்ட். 5 வோல்ட்ல ஓடுற ஸ்ட்ரிப் எதிர்பார்க்கிறது குறைஞ்சது 3.5 வோல்ட். வீட்டு மேசையில சும்மா வேலை செய்யும், பந்தல்ல நீளமா ஒயர் இழுத்ததும் மக்கர் பண்ணும். நடுவுல 74ஏஹெச்சிடி125 சிப் ஒண்ணு போட்டா சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறிடும். டேட்டா ஒயர்ல, ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்துல 330 ஓம் ரெசிஸ்டர். பவர் நுழையிற இடத்துல 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ரெண்டுமே முதல் எல்இடியைக் காப்பாத்துற வேலைதான்.

மழையும் ஜெனரேட்டரும்

ஆபத்து இருக்கிறது 230 வோல்ட் பக்கம். எஸ்எம்பிஎஸ்ல அந்த ஸ்க்ரூ எல்லாம் திறந்தபடி இருக்கும். மழை படாத, காத்துப் போற பெட்டிக்குள்ள, குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்துல வைங்க. எர்த் கொடுங்க. ஆர்சிசிபி இருக்கிற லைன்லேர்ந்து எடுங்க. அந்த கனெக்‌ஷனை மட்டும் ஊர் எலக்ட்ரீஷியன் கையால பண்ணுங்க. பக்கவாட்டுல 110/220 சுவிட்ச் இருந்தா 220-ல இருக்கான்னு பார்த்துட்டு ஆன் பண்ணுங்க. ஸ்ட்ரிப் வாங்கும்போதே சிலிக்கான் பூசின ஐபி65 வகை கேளுங்க.

ஜெனரேட்டர் நின்னா பேட்டரியில ஓட்டலாமான்னு தோணும். யுபிஎஸ்ல வர்ற 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, காகிதத்துல 84 வாட்-ஹவர். பாதியைத்தான் நம்பலாம். 12-ஐ 5 ஆக்குற கன்வர்ட்டர் வச்சு, 30 வாட்டுக்குள்ள ஓட்டினா ஒரு மணி நேரம் தாங்கும். சாமி ஊர்வலம் கிளம்புற நேரத்துக்குப் போதும்.

பந்தல்ல ஏத்துறதுக்கு முந்தின நாள் வீட்டுல ஒரு மணி நேரம் முழு வெள்ளையில எரியவிட்டு, ஒயரையும் ஜாயிண்டையும் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு இருந்தா ஒயரைத் தடிமனாக்குங்க, இல்ல பிரைட்னஸைக் குறைங்க. பாதி வெளிச்சத்துலேயே இருட்டுல அது கண்ணைப் பறிக்கும். கட்டி முடிச்சதும் ஒரு வீடியோ அனுப்புங்க தம்பி. அடுத்த வாரம் பார்க்கலாம்.