குளியலறைச் சுவர் விளக்குக்குத் தனி சுவிட்ச்

குளியலறைக் கண்ணாடிக்கு மேல் இருக்கும் சுவர் விளக்கு பல வீடுகளில் கூரை விளக்கோடு சேர்ந்தே எரிகிறது, சேர்ந்தே அணைகிறது. வயரிங் செய்தபோது கூரை விளக்கிலிருந்து லூப் எடுத்து இதற்கும் கொடுத்திருப்பார்கள். பின்னாளில் இதற்கு மட்டும் தனி சுவிட்ச் வேண்டுமென்றால், விளக்குக்குக் கீழே சுவரைக் கொத்தி ஒரு சுவிட்ச் பெட்டியைப் பதிப்பதுதான் எளிய வழி என்று தோன்றும். அதில் இரண்டு கோளாறுகள் உள்ளன.

முதலாவது, சுற்றைப் பற்றியது. லூப்பில் சுவர் விளக்குக்கு வந்து சேரும் பேஸ், வெளியே உள்ள பழைய சுவிட்சைத் தாண்டி வந்த பேஸ். அதன் வழியில் இன்னொரு சுவிட்ச் வைத்தால் இரண்டும் தொடராக அமையும். பழைய சுவிட்சைப் போடாமல் புதியது வேலை செய்யாது. கூரை விளக்கு எரியும்போது சுவர் விளக்கை மட்டும் அணைக்கலாம், அவ்வளவுதான். சுவர் விளக்கு தன்னந்தனியாக எரிய வேண்டுமானால், வெளியே உள்ள சுவிட்ச் போர்டிலேயே பேஸைப் பிரித்து, புது சுவிட்ச் வழியாக விளக்கு வரை ஒரு தனி வயர் இழுக்க வேண்டும். நியூட்ரல் ஏற்கெனவே விளக்கில் இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. சுவருக்குள் போகும் பைப்பில் இடமிருந்தால் பழைய வயரோடு இதையும் இழுத்துவிடலாம். சுவரைக் கொத்தவே வேண்டாம்.

இரண்டாவது கோளாறு ஈரம். இந்திய வீட்டு மின்சாரம் 230 வோல்ட். காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது பேஸைத் தொட்டால் 230 மில்லி ஆம்பியர் வரை உடல் வழியே ஓடலாம். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகிறது. மார்பின் குறுக்கே சில பத்து மில்லி ஆம்பியர் சில நொடிகள் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுக்கும் மின்னோட்டமே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். சின்ன விளக்குதானே என்ற அலட்சியத்துக்கு இங்கே இடமில்லை.

எனவே சுவிட்சை எங்கே வைப்பது என்பதற்கு அளவு வகுத்திருக்கிறார்கள். பன்னாட்டு மின் தரவிதிகள் குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. தொட்டி இல்லாமல் தரையில் நின்று ஷவரில் குளிக்கும் அறையில், நீர் விழும் குழாயிலிருந்து சுற்றிலும் 120 சென்டிமீட்டர் தூரமும் 2.25 மீட்டர் உயரமும் ஈர மண்டலம். சாதாரண சுவிட்சுக்கு அங்கே அனுமதி கிடையாது. 120 சென்டிமீட்டர் என்பது சுமார் நான்கு அடி. நான்கடிக்கு ஆறடி குளியலறையில் இதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது கதவோரம் ஒரு துண்டுதான். கதவுக்கு வெளியே சுவிட்ச் வைக்கும் தமிழ்நாட்டு வழக்கம் இந்தக் கணக்குக்குச் சரியாகவே பொருந்துகிறது. பிரிட்டனில் வேறு வழி கண்டார்கள்: சுவிட்சைக் கூரையில் பொருத்தி, அதிலிருந்து ஒரு கயிறு தொங்கும், ஈரக்கை தொடுவது கயிற்றை மட்டுமே. கயிறு வைத்த சுவர் விளக்குகள் இங்கும் விற்கின்றன. ஆனால் கயிறு விளக்கிலிருந்தே தொங்குவதால், விளக்கு அந்த ஈர மண்டலத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

சுவிட்ச் எங்கே இருந்தாலும் அது துண்டிக்க வேண்டியது பேஸை. நியூட்ரலில் சுவிட்ச் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். வெளிப்பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஈரத்துணியால் விளக்கைத் துடைப்பவருக்கு அது அபாயம். அணைத்த எல்.இ.டி. பல்பு இருட்டில் மங்கலாக மினுங்கினால் இந்தத் தவறு நடந்திருக்கலாம். பக்கத்து வயரிலிருந்து தாவும் மின்புலத்தாலும் அப்படி மினுங்குவதுண்டு என்பதால், ஹோல்டரைச் சோதித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

சோதனைக்கு எல்லாரிடமும் இருப்பது நியான் டெஸ்டர். அதை முழுதாக நம்ப முடியாது. டெஸ்டரில் உள்ள பெரிய மின்தடை வழியாக, பிடிப்பவரின் உடலினூடே பாயும் மிகச் சிறிய மின்னோட்டமே அதை எரியவைக்கிறது. உலர்ந்த மர ஸ்டூலில் நிற்பவர் கையில் அது மங்கலாகவோ எரியாமலோ இருக்கலாம். வயரில் மின்சாரம் இல்லை என்று அதற்குப் பொருளல்ல. மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்து, பிறகு எம்.சி.பி.யை அணைத்து வேலை செய்யும் வயரில் வைத்துப் பார்ப்பதே நம்பகமான முறை. பழைய வீடுகளில் சிவப்பு வயர்தான் பேஸ், கறுப்புதான் நியூட்ரல் என்று நிறத்தை நம்பியும் இறங்கக் கூடாது.

விளக்கின் உடல் உலோகமென்றால் பச்சை எர்த் வயரை அதில் இணைத்தாக வேண்டும். தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாத ஐ.பி.44 வகை விளக்கு குளியலறைக்கு ஏற்றது. பைப் வழியாக நீராவி சுவிட்ச் பெட்டிக்கு வந்து திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கும். எறும்பும் பல்லியும் வரும் வழியும் அதுவே. விளக்குப் பக்கம் பைப் வாயை சிலிக்கோனால் அடைத்துவிடுவது நல்லது.

இவை அனைத்துக்கும் பின்னணிக் காவல் ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வகையென்றால், அந்த அளவு கசிந்ததும் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். அப்போது அதற்கு எதுவும் தெரியாது. புது சுவிட்ச் பொருத்தி முடிந்ததும், ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் ‘டி’ என்றிருக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழாத ஆர்.சி.சி.பி.யை மாற்றிவிட வேண்டும்.