பின்களக் காவலர்

ஹொக்கி ஆட்டத்திலே கோல் போட்டவன் பெயர் நாடெங்கும் பரவும். கோல் விழாது காத்தவன் பெயரைத் தேடித்தான் அறிதல் வேண்டும். அங்ஙனம் தேடி அறியத்தக்கவருள் ஒருவர், இந்திய அணியின் பின்களக் காவலராய் நின்ற திலிப் திர்க்கி.

ஒடிசா மாநிலத்துச் சுந்தர்கர் மாவட்டத்தில், சௌனமரா என்னும் சிற்றூரிலே 1977ஆம் ஆண்டு இவர் பிறந்தார். பழங்குடி மக்கள் செறிந்து வாழும் அம்மாவட்டத்தில் ஹொக்கி ஊர் வாழ்க்கையோடு ஒட்டியதொன்று. காட்டிலே வெட்டிய கொம்பு மட்டையாகும். வென்ற அணிக்கு ஆட்டுக்கடா பரிசாகும். (வெள்ளிக் கிண்ணத்தை எவரும் பகிர்ந்துண்ண இயலாதன்றோ!)

அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ் என மூன்று ஒலிம்பிக் விழாக்களில் இவர் ஆடினார். 2004இல் ஏதென்ஸிலே அணிக்குத் தலைமையும் பூண்டார். பழங்குடியினருள் மூன்று ஒலிம்பிக் கண்டவர் இவரே முதல்வர். 1998இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவிலே தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். ஆடிய சர்வதேச ஆட்டங்கள் 412. எனினும் ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கைக்கெட்டவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியிலே போலந்தை வென்றிருப்பின் அரையிறுதி உறுதி. ஒரு கோல் முன்னணியில் நின்ற இந்தியா, ஆட்டம் முடியுந் தறுவாயில் ஒரு கோல் வாங்கிச் சமநிலை கண்டு வெளியேறிற்று. காவலனுக்கு அதனினும் கொடிய நிமிடம் வேறென்ன?

2010இல் ஓய்வு பெற்றவர், 2012 முதல் 2018 வரை மாநிலங்களவையில் அமர்ந்தார். 2022இல் ஹொக்கி இந்தியா என்னும் சம்மேளனம் நீதிமன்றம் அமர்த்திய குழுவொன்றின் பொறுப்பிலே கிடந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் போட்டியின்றித் தலைவராய்த் தெரிவானார் திர்க்கி. களத்திலே எதிரி மட்டையோடு முன்னால் வருவான். அலுவலகத்திலோ இடர் எத்திசையினின்று வருமென்று எவர் அறிவார்?

முதற் சோதனை சொந்த மண்ணிலேயே வந்தது. 2023 சனவரியில் உலகக் கிண்ணம் புவனேசுவரத்திலும், அவர் பிறந்த மாவட்டத்து ரூர்கேலாவிலும் நடந்தது. 20,000 பேருக்கு மேல் அமரும் பிர்சா முண்டா அரங்கு இதற்கெனவே எழுப்பப்பட்டது. அரங்கு நிறைந்தது, அணியோ நியூசிலாந்திடம் தோற்றுக் காலிறுதியையும் காணவில்லை. 2024 சனவரியில் ராஞ்சியிலே மகளிர் அணி யப்பானிடம் 1-0 எனத் தோற்று, பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. அவ்வாண்டு ஓகஸ்டிலே பாரிஸில் ஆடவர் அணி ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம் பெற்றது. இரு கோல்களையும் போட்ட தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கும் பின்களக் காவலரே.

அப்பதக்கத்தைத் தலைவரின் கணக்கில் எழுதுவது மிகை, ஆடியவர் வேறு. அவர் கணக்கில் எழுதத்தக்கது பிறிதொன்று. 2017க்குப் பின் நின்றுபோயிருந்த ஹொக்கி லீக் 2024 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியபொழுது, மகளிருக்கும் முதன்முதலாக ஒரு லீக் சேர்க்கப்பட்டது. 2025 சனவரியில் நான்கு மகளிர் அணிகள் அதிற் பொருதன. களம், ஓராண்டுக்கு முன் அவர்கள் தோற்று நின்ற அதே ராஞ்சி; 1928இல் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹொக்கி அணிக்குத் தலைவராயிருந்த பழங்குடி மகன் செய்பால் சிங்கின் பெயர் தாங்கிய அரங்கு.