படல் சாத்தினால்தான் புல்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால், கட்டங்கட்டமாக முள்வேலிகள் கூடவே வருவதைப் பார்க்கலாம். வேலிக்குள் நெல்லும் இருக்காது, தென்னையும் இருக்காது. முழங்கால் உயரப் புல், அங்கங்கே குடை விரித்த மரம், நிழலில் அசைபோடும் நாலைந்து உருப்படிகள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் தரிசு. கொங்கு நாட்டில் அதற்குப் பெயர் கொறங்காடு. உழுது, விதைத்து, வேலி போட்டு, கணக்குப் பார்த்து மேய்க்கும் புல்வயல் அது.

நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட இந்த மேட்டாங்காட்டில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும். மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். ஐப்பசியை ஒட்டிப் பெய்வதை நம்பித்தான் பிழைப்பு. இந்த வறண்ட மண்தான் காங்கேயம் மாட்டை வளர்த்தது. வெள்ளக்கோவில் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தைக்கு வரும் காளைகளின் திமிலுக்குப் பின்னால் கொறங்காட்டுப் புல் இருக்கிறது.

கொறங்காட்டுக்கு மூன்று உறுப்பு: தரையில் கொழுக்கட்டைப் புல், தலைக்கு மேல் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மூன்றும் வறட்சியைத் தாங்குபவை. மூன்றுக்கும் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை.

முதலில் புல். கொழுக்கட்டைப் புல்லின் ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள். லேசில் வராது. வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. தண்டுகள் மண்ணைத் தொடும் இடத்தில் சற்றே பருத்திருக்கும். அந்தப் பருமன்தான் புல்லின் குதிர். மழைக்காலத்தில் இலை சமைத்த மாவுச்சத்தை அங்கே சேர்த்து வைக்கிறது. கோடையில் மேலே எல்லாம் காய்ந்து சருகானாலும், அந்தக் குதிரில் இருப்பு இருந்தால் முதல் மழைக்கே பச்சை கட்டிவிடும். காய்ந்து நிற்பதும் வீணல்ல. மாடு அதை நின்றபடியே வைக்கோல்போலத் தின்னும்.

மாடு கடித்தால் புல் ஏன் சாவதில்லை? மரத்துக்குக் கொழுந்து நுனியில், புல்லுக்கு அடியில். நுனியைக் கடித்தாலும் அடியிலிருந்து இலை மேலே நீண்டுகொண்டே வரும். மாட்டின் வாயும் அதற்குத் தோதானது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கை நீட்டி ஒரு கொத்தைச் சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவில் பிடித்து, தலையை ஓர் இழுப்பு இழுக்கும். அதனால் அடிவரை ஒட்டக் கடிக்க அதற்கு வராது. செம்மறியாடு அப்படியல்ல. அதன் மேலுதடு நடுவில் பிளந்தது. வாயை மண்ணோடு ஒட்டி வைத்துக் கொறித்தெடுக்கும்.

ஆக, கடிப்பதால் கெடுதல் இல்லை. எவ்வளவு கடிக்கிறது, மறுபடி எப்போது கடிக்கிறது என்பதில்தான் எல்லாம். அமெரிக்க வேளாண்துறையின் கிரைடர் என்ற ஆய்வாளர் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. புல்லின் இலையில் பாதிவரை வெட்டினால் வேரின் வளர்ச்சி அநேகமாகத் தடைபடுவதில்லை. பாதியைத் தாண்டியதும் கணக்கு மாறுகிறது. 80 விழுக்காடு வெட்டினால் வேர் முழுக்க வளர்ச்சியை நிறுத்தி, பன்னிரண்டு நாள் அப்படியே நிற்கிறது. இலை போனதும் புல் வேருக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, இருப்பை எடுத்துப் புது இலை விடுகிறது. அந்தப் புது இலை சம்பாதிக்கத் தொடங்குவதற்குள் மாடு மறுபடி வாய் வைத்தால், குதிரிலிருந்து மேலும் எடுக்க வேண்டும். இப்படி நாலைந்து முறை நடந்தால் குதிர் காலி, வேர் குட்டை. அடுத்த வறட்சியில் அந்தத் தூர் எழுந்திருக்காது. இடம் வெறுமையானால் அங்கே களை வந்து உட்காரும்.

இங்கேதான் வேலிக்கு வேலை வருகிறது. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் வேர்விட்டு, கிளைத்து, முள்ளோடு பின்னிக்கொள்ளும். கம்பியும் வேண்டாம், கல்லும் வேண்டாம். வேலி என்றால் மாடு வெளியே போகாமல் தடுப்பது என்றுதான் நினைப்போம். கொறங்காட்டில் அதைவிடப் பெரிய வேலை, மாட்டை உள்ளே விடாமல் இருப்பது. ஒரு காட்டில் மாடு மேயும்போது இன்னொரு காட்டின் கடவில், அதாவது நுழைவழியில், படல் சாத்தியிருக்கும். அங்கே புல் தன் குதிரை நிரப்பிக்கொண்டிருக்கும்.

பிரான்சின் நார்மண்டியில் சொந்தப் பண்ணை வைத்து மாடு மேய்த்த ஆந்த்ரே வுவாசேன், 1957இல் புல் விளைச்சலைப் பற்றி எழுதிய நூலில் இதையே விதியாக வகுத்தார். ஒன்று, இரண்டு மேய்ச்சலுக்கு நடுவில் புல் தேறும் அளவுக்கு ஓய்வு வேண்டும். இரண்டு, மாடு ஒரே இடத்தில் நெடுநாள் நிற்கக் கூடாது; நின்றால் அதே முறையில் துளிர்த்த இலையையும் கடித்துவிடும். ஓய்வு எத்தனை நாள் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லாது. மழைக்காலத்தில் மூன்று, நான்கு வாரத்தில் தேறும் புல், காய்ச்சலில் இரண்டு மடங்கு நாள் கேட்கும்.

எந்த உருப்படியை முதலில் விடுவது என்பதிலும் நுட்பம் உண்டு. மாடு முன்னால், செம்மறி பின்னால். மாட்டுக்கு நீண்ட புல் வேண்டும். மிச்சத்தை ஆடு பொறுக்கும். மாடு தன் சாணி விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள புல்லை முகர்ந்துவிட்டு ஒதுக்கும்; செம்மறிக்கு அந்தக் கூச்சம் குறைவு. மாட்டின் குடற்புழுவில் பெரும்பாலானவை ஆட்டின் வயிற்றில் பிழைக்காது, ஆட்டினுடையதும் அப்படித்தான். மாறி மாறி மேய்ப்பது காட்டுக்குப் புழுமருந்தும் ஆகிறது. வெள்ளாட்டுக்கு மட்டும் தழைமேல்தான் கண். காவல் இல்லாவிட்டால் வேலியையே கடித்துவிடும்.

வெள்வேல மரத்தின் இலை சின்னஞ்சிறியது. வெயிலை முழுக்க மறைக்காமல் சலித்துக் கீழே விடும். அதனால் அடியில் புல்லும் வளரும், மாட்டுக்கு நிழலும் கிடைக்கும். கோடையில் உதிரும் காய்களை ஆடுமாடு பொறுக்கித் தின்னும். சாணத்தோடு விழும் விதை இன்னோரிடத்தில் முளைக்கும். புல்லுக்கு நடுவே தானாகப் படரும் நரிப்பயறு போன்ற பயறுவகைச் செடிகள், வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. யூரியா மூட்டை வாங்காமலே புல் பச்சையாக இருப்பதில் இவற்றுக்கும் சாணத்துக்கும் பங்குண்டு.

சில ஆண்டுகளில் குளம்பு மிதித்து மண் இறுகும், தூரும் கிழடாகும். அப்போது ஒரு மழைக்கு உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து, கூடவே புல்விதையையும் தூவுவார்கள். புதிதாக முயல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பறித்த உடனே விதைத்தால் கொழுக்கட்டை விதை சரியாக முளைக்காது. சில மாதம் உறங்கி எழுந்த பழைய விதைதான் முளைக்கும்.

இதே புல்லை ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தீவனத்துக்காகக் கொண்டுபோனார்கள். அங்கே மாட்டுப் பண்ணைகளுக்கு உதவியது. கூடவே மேய்ச்சல் இல்லாத பாலைநிலங்களிலும் பரவி, காய்ந்து, தீ பரவ வழி செய்து, அந்த ஊர்ச் செடிகளை ஒழிக்கும் தொல்லையாகவும் ஆனது. நல்ல புல், கெட்ட புல் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நம் ஊரில் அது பிறந்த மண்ணில், மாட்டின் வாய்க்கு அடங்கி வளர்கிறது.

இன்று கொறங்காடுகள் சுருங்கி வருகின்றன. மனை வணிகம், காற்றாலை, சூரிய மின்பண்ணை என்று நிலத்துக்கு வேறு வேறு விலை வந்துவிட்டது. கவனிப்பாரற்ற காடுகளில் சீமைக்கருவேல் நுழைகிறது. இருக்கும் காட்டைக் காப்பாற்றுவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இரண்டு ஏக்கரும் நான்கு மாடும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. வரும் மழைக்கு முன் உங்கள் மேய்ச்சல் காட்டில், தூர் ஒரே மாதிரி இருக்கும் ஓரிடத்தில், பத்தடிக்குப் பத்தடி முள் வெட்டிப்போட்டு அடையுங்கள். மழைக்காலம் முடியும்வரை மாடு அங்கே வாய் வைக்க வேண்டாம். மார்கழியில் அடைப்புக்குள் ஒரு தூர், வெளியே ஒரு தூர் தோண்டியெடுத்து, மண்ணை உதறி, இரண்டின் வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு காட்டை எத்தனையாகப் பிரித்து வேலி போடுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.